வேலையிடத்தில் மனநலம்: சிங்கப்பூரின் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் 70 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கும் ஒருவரை மதியம் ஒரு மணி நேரம் உட்காரவைத்து மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றிப் பேசினால் அவருக்கு எதுவும் மாறாது. அவருக்குத் தேவை தூக்கம். ஆனால் பல நிறுவனங்கள் மனநலத் திட்டத்தை அந்தப் பேச்சில்தான் தொடங்குகின்றன. பிறகு ஒரு யோகா வகுப்பு, ஒரு சுவரொட்டி, ஓர் உதவி எண். மூன்று மாதத்தில் யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும், “நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தேவைப்படல” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தேவை இருக்கிறது. மனநலக் கழகம் 2016ல் நடத்திய ஆய்வின்படி சிங்கப்பூர்வாசிகளில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் மனநலப் பாதிப்பு வந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த நிபுணரையும் நாடவில்லை. வேலை அனுமதிச் சீட்டில் வந்திருப்பவர்களுக்கு வாய் திறக்க இன்னொரு தடையும் உண்டு: சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

20 பேர் முதல் 200 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களின் முதலாளிகள், மனிதவள அதிகாரிகள், சூப்பர்வைசர்களுக்காக இதை எழுதுகிறோம். கட்டுமானம், கப்பல் பட்டறை, கிடங்கு, உணவகம், துப்புரவு, தகவல் தொழில்நுட்பம் என்று எந்தத் துறையானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பயத்தைப் போக்க வேண்டும். அடுத்து வேலையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு சூப்பர்வைசர்களைப் பழக்க வேண்டும். ஆலோசகர், உதவி எண், வகுப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

படி 1: பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்

நிறுவனத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ஷிஃப்டை மாற்றவும் செலவுக்குக் கையெழுத்துப் போடவும் அவரால்தான் முடியும். அவருடன் மனிதவளப் பிரிவில் ஒருவரும் வேலைத்தளத்தில் எல்லாரும் மதிக்கும் ஒருவரும் சேர்ந்தால் போதும். மூவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்காரட்டும். பெரிய குழு அமைத்தால் கூட்டங்கள்தான் பெருகும்.

மனிதவள அமைச்சும் தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியும் சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனமும் 2020 நவம்பரில் வெளியிட்ட வேலையிட மனநல முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பை முதல் கூட்டத்துக்கு முன் மூவரும் படித்துவிடுங்கள். அது கட்டாயச் சட்டமல்ல. ஆனாலும் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

படி 2: பயத்தை எழுத்தில் போக்குங்கள்

எதையும் அறிவிப்பதற்கு முன் இதைச் செய்து முடிக்க வேண்டும். உதவி கேட்பதால் வேலை போகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் மற்றப் படிகள் எதுவும் நிற்காது. வாய்மொழி உறுதி போதாது. சூப்பர்வைசர் மாறினால் அதுவும் போய்விடும். நிர்வாக இயக்குநர் கையெழுத்திட்ட ஒரே பக்க அறிவிப்பு வேண்டும், அதுவும் ஊழியர் பேசும் மொழியில். இப்படி எழுதலாம்:

“தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை என்று யார் சொன்னாலும், அதைக் காரணம் காட்டி இந்த நிறுவனம் வேலை அனுமதியை ரத்து செய்யாது, புதுப்பிக்காமல் விடாது, சம்பளத்தைக் குறைக்காது. நீங்கள் சொன்னது மனிதவளப் பிரிவில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். உங்கள் சூப்பர்வைசரிடம் எதைச் சொல்லலாம் என்று முதலில் உங்களைக் கேட்போம். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும், உங்களைக் கேட்காமலே உதவிக்கு ஆள் அழைப்போம்.”

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். “யாரிடமும் சொல்லவே மாட்டோம்” என்று எழுதிக்கொடுத்து, ஒருநாள் ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டிவந்தால், அந்த ஒருவரோடு மற்ற எல்லாருடைய நம்பிக்கையும் போய்விடும். பாரந்தூக்கி ஓட்டுவது, உயரத்தில் வேலை செய்வது போன்ற இடங்களுக்கு இன்னொரு வரி தேவை: “மருந்தால் தூக்கக் கலக்கம் இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேறு வேலை தருவோம், சம்பளம் குறையாது.” காப்பாற்ற முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

அறிவிப்பைத் தங்கும் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சம்பளச் சீட்டோடு இணையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வாசித்த ஒலிப்பதிவாகவும் போடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒலிப்பதிவுதான் போய்ச் சேரும்.

கூடவே உங்கள் வேலை விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். “மனநலப் பிரச்சினை உண்டா?” என்ற கேள்வி இன்னும் இருந்தால் நீக்குங்கள். விண்ணப்பதாரரிடம் அப்படிக் கேட்பது பாகுபாடு என்று 2020லிருந்தே நியாயமான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டஃபெப் சொல்லிவருகிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் மனநலப் பாதிப்பையும் பாதுகாக்கப்பட்ட தன்மைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அச்சட்டம் முதல் கட்டமாக 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும்.

பலருக்கு இன்னும் தெரியாத ஒன்றையும் அறிவிப்பில் சேருங்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றமல்ல. உதவிக்கு அழைத்தால் போலிஸ் வழக்குப் போடுமோ என்று அஞ்சி ஒருவரும் வாய்மூடி இருக்கக்கூடாது.

படி 3: எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

கருத்தாய்வு நடத்துவதற்கு முன் கையில் இருக்கும் கணக்குகளை எடுங்கள். கடந்த 12 மாதங்களின் ஓவர்டைம் மணிகள், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எண்ணிக்கை, வேலையை விட்டவர்கள், நூலிழையில் தப்பிய விபத்துகள், எடுக்கப்படாத விடுப்பு ஆகியவற்றைக் குழுவாரியாகப் பிரித்து ஒரே தாளில் போடுங்கள். ஒரே சூப்பர்வைசரின் கீழ் ஆறு பேர் வேலையை விட்டிருந்தால், ஒரே கிளையில் திங்கட்கிழமை எம்சி கூடியிருந்தால், பாதி விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

அடுத்து ஐஒர்க்ஹெல்த். வேலை சார்ந்த மன அழுத்தத்தின் காரணங்களைக் கண்டறிய நிறுவனங்கள் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இணையக் கருவி இது. தனிநபர் விடைகள் நிறுவனத்துக்குத் தெரியாது, மொத்த அறிக்கைதான் வரும். இருந்தாலும் அது கெட்டுப்போகும் வழிகள் சில உண்டு. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, ஒரே கைப்பேசியை மாற்றி மாற்றி நிரப்பினால் எல்லாரும் “நல்லா இருக்கு” என்றுதான் அழுத்துவார்கள். மொழி புரியாவிட்டால் நடுவில் உள்ள விடையையே தட்டிக்கொண்டு போவார்கள். முடிவைச் சொல்லாமல் விட்டால் அடுத்த முறை யாரும் நிரப்ப மாட்டார்கள். ஆகவே நிரப்புவதற்கு வேலை நேரத்திலேயே நேரம் கொடுங்கள். புரியாதவர்களுக்குக் கேள்வியை வாசித்துக்காட்ட வெளியாள் ஒருவரை வையுங்கள். நான்கு வாரத்துக்குள் முடிவை எல்லாருக்கும் சொல்லுங்கள். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகப் பிரித்துக் காட்டாதீர்கள், யார் சொன்னார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

பிறகு ஐந்தாறு பேராக உட்காரவைத்துக் கேளுங்கள். சூப்பர்வைசர் அறையில் இருக்கக்கூடாது. மூன்று கேள்விகள் போதும். “வேலை முடிந்து போனபிறகும் மனசில் ஓடுவது எது?” “இந்த வேலையில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?” “போன மாதம் எந்த நாள் ரொம்ப மோசம், ஏன்?” மூன்றாவது கேள்விதான் அதிகம் பேசவைக்கும்.

படி 4: வேலையைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரமும் பணமும் போக வேண்டிய இடம் இதுதான்.

வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி மாதம் 4,500 வெள்ளி வரை ஈட்டும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் 2,600 வெள்ளி வரை ஈட்டும் மற்ற ஊழியர்களுக்கும் பொருந்தும். வாரம் 44 மணி நேரம், மாதம் 72 மணி நேரம் வரை ஓவர்டைம், வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் என்பது அதன் அடிப்படை. 72 என்பது உச்சவரம்பு. அதைத் திட்டமிடும் அளவாக வைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 72 மணியை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் இடைவேளையும் சேர்த்து இரவு 8 மணிக்கு வேலை முடியும். லாரி வர எட்டரை. விடுதிக்குப் போய்ச் சேர ஒன்பதரை. குளியலறை வரிசை, துணி துவைப்பது, சாப்பாடு என்று பத்தரை தாண்டிவிடும். அதன்பிறகு வீட்டுக்கு ஃபோன். இங்கே 11 மணி என்றால் ஊரில் எட்டரை, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் அதுதான். படுக்க 12 ஆகிறது. காலை 6 மணி லாரிக்கு 5 மணிக்கு எழ வேண்டும். தூக்கம் ஐந்து மணி நேரம், அதுவும் ஒரே அறையில் பலர் வெவ்வேறு நேரத்தில் வந்துபோகும் இடத்தில். மாதக்கணக்கில் இப்படிப் போனால் கோபம், மறதி, கவனக்குறைவு எல்லாம் வரத்தான் செய்யும். அதை அந்த மனிதரின் குணம் என்று எழுதிவைப்பது நியாயமல்ல.

இதற்குச் செய்யக்கூடியவை சில. வாரத்தில் இரண்டு நாளை ஓவர்டைம் இல்லாத நாளாக முன்கூட்டியே அறிவியுங்கள். இரவு லாரியை ஒரே நடையாக வைக்காமல் இரண்டு நடையாக்கினால், முன்னே முடித்தவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட் உள்ள இடங்களில் சுழற்சியைக் காலை, பிற்பகல், இரவு என்ற வரிசையில் வையுங்கள், உடம்பு அந்தத் திசையில் எளிதாகப் பழகும். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் போடாதீர்கள். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கக் குறைந்தது 11 மணி நேர இடைவெளி விடுங்கள். ஷிஃப்ட் பட்டியலை இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓவர்டைமைத் திடீரென்று வெட்டினால் ஊழியர்களே எதிர்ப்பார்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் அந்த ஒன்றரை மடங்குச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கின்றன. களைப்பைக் குறைக்கப்போய்ப் பணக்கவலையைக் கூட்டினால் மனநிலை இன்னும் மோசமாகும். எனவே ஓவர்டைமைச் சிலருக்கே அள்ளிக்கொடுக்காமல் எல்லாருக்கும் பிரியுங்கள். குறைப்பதை மூன்று நான்கு மாதத்தில் படிப்படியாகச் செய்யுங்கள். முடிந்தால் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டுங்கள்.

சம்பளத் தேதி தவறுவது மனநலத்தைக் கெடுக்கும் காரணங்களில் முதன்மையானது. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் தொகை என்று சட்டம் சொல்கிறது. சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தம் எதற்கு என்று புரியும்படி இருக்கட்டும். புரியாத 80 வெள்ளிப் பிடித்தம் ஒன்று ஒருவரைப் பல இரவுகள் விழிக்கவைக்கும்.

அலுவலகங்களில் ஷிஃப்டின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. வேலை நேரத்துக்குப் பிந்திய செய்திகளுக்கு ஒரு விதி வகுங்கள்: மாலை 7 மணிக்குப் பிறகு வரும் வாட்ஸ்அப்புக்கு மறுநாள் காலை பதில் சொன்னால் போதும். உண்மையான அவசரம் என்றால் அழைக்க வேண்டும். எது அவசரம் என்பதையும் எழுதிவையுங்கள், உதாரணமாக சர்வர் நின்றுபோனது, விபத்து, நாளைக் காலை ஷிஃப்டுக்கு ஆள் வராதது. இந்த விதியை முதலில் மீறுபவர் பெரும்பாலும் மேலாளர்தான். ஆகவே அவர் எழுதுவதைக் காலை எட்டரைக்குப் போகும்படி வைத்துவிடப் பழகட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவு 11 மணிக் கூட்டம் தவிர்க்க முடியாதது என்றால், மறுநாள் தாமதமாக வரலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டி இது. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பல சமயம் எந்த ஆலோசகரையும்விட இந்த ஏற்பாடுதான் உதவும்.

கூச்சல், கெட்ட வார்த்தை, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது ஆகியவற்றையும் இந்தப் படியிலேயே நிறுத்த வேண்டும். 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். புகார் சூப்பர்வைசரைப் பற்றியது என்றால் அது அவரைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்க வேண்டும்.

படி 5: சூப்பர்வைசர்களைப் பழக்குங்கள்

அரை நாள் பயிற்சி, ஒரு வகுப்பில் அதிகம் போனால் 12 பேர், பாதி நேரம் பேசிப் பழகுவதற்கு. திரையில் படம் காட்டிவிட்டு அனுப்பினால் எதுவும் ஒட்டாது.

முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது, நம்மவர்கள் மனவேதனையை மனவேதனை என்று சொல்வது குறைவு என்பதை. “தலை பாரம்”, “நெஞ்சு படபடங்குது”, “சாப்பாடு இறங்கல”, “உடம்பெல்லாம் அசதி” என்றுதான் சொல்வார்கள். மருந்தகத்தில் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள், மறுவாரம் அதே புகாரோடு போவார்கள். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை இப்படிப் போகும் ஒருவரிடம் நின்று பேச வேண்டும். மற்ற அடையாளங்களும் பழைய நிலையிலிருந்து வந்த மாற்றங்களே: கலகலப்பாக இருந்தவர் ஒதுங்குவது, அமைதியானவர் எரிந்து விழுவது, சமைப்பதை நிறுத்துவது, குடி கூடுவது, வீட்டுக்குப் பேசாமல் இருப்பது, சம்பளம் வந்த மறுவாரமே கடன் கேட்பது.

பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. இடம், சைட் அலுவலகம். மற்றவர்கள் தேநீருக்குப் போயிருக்கிறார்கள்.

“தம்பி, சாப்டீங்களா? ஒரு பதினஞ்சு நிமிஷம் உக்காருங்க. திட்டக் கூப்பிடல.”

“சொல்லுங்கண்ணே.”

“ரெண்டு வாரமாப் பார்க்கிறேன். டூல்பாக்ஸ் மீட்டிங்ல கடைசில போய் நிக்கிறீங்க. நேத்து பெல்ட் கொக்கி மாட்டாமலே ஏறப் போனீங்க. நீங்க அப்படிச் செய்ற ஆள் இல்லையே.”

“ஒண்ணுமில்லண்ணே. தலை பாரமா இருக்கு.”

“தூக்கம் எப்படி?”

“ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் வராது.”

“எப்பலேருந்து?”

“அப்பாவை ஆஸ்பத்திரில சேத்திருக்குன்னு சொன்னாங்கல்ல, அதுலேருந்து.”

சூப்பர்வைசர் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னார். “நீ டிப்ரெஷன்ல இருக்கே” என்று பெயர் சூட்டவில்லை. மனசைப் பற்றிக் கேட்காமல் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. இனி அவர் செய்ய வேண்டியது, கேட்டுக்கொண்டிருப்பது. “இதுல இப்ப உடனே எது பெரிய பிரச்சினை?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: நாளை உயரத்தில் வேலை வேண்டாம், கீழே வேறு வேலை பாருங்கள், மருத்துவரிடம் போக வியாழன் காலை நேரம் தருகிறேன், வெள்ளிக்கிழமை மறுபடி பேசுவோம். அந்த வெள்ளிக்கிழமையை மறக்கவே கூடாது.

“தைரியமா இரு”, “எல்லாருக்கும் இருக்கிறதுதான்”, “கோயிலுக்குப் போ சரியாயிடும்”, “கல்யாணம் ஆனா மாறிடும்” போன்றவை நல்லெண்ணத்தில் வருபவைதான். ஆனால் கேட்பவர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார். கோயிலுக்குப் போவது அவருக்கு ஆறுதல் தருமானால் போகட்டும், மருத்துவருக்குப் பதிலாக அது வேண்டாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேட்க வேண்டும்: “இவ்வளவு பாரம் இருக்கும்போது சில பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு யாரோ கேட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். கூர்மையான கருவி, மாத்திரை, உயரமான இடம் எதுவும் எட்டாதபடி பாருங்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. இல்லையென்றால் அவரோடு உட்கார்ந்தே 1767ஐ அழையுங்கள், அது தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 24 மணி நேர எண். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவும் 24 மணி நேரமும் இயங்குகிறது. நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம்.

படி 6: சக ஊழியர் துணைவர்கள்

ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர். நிர்வாகத்துக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். “மனசு சரியில்லைன்னா யார்கிட்டப் பேசுவீங்க?” என்று ஊழியர்களிடமே சீட்டில் எழுதி வாங்குங்கள். தமிழ் பேசுபவர்களும் வங்காளிகளும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பிலும் ஆள் வேண்டும். அவர்களுடைய வேலை, காதுகொடுத்துக் கேட்பதும் வழிகாட்டுவதும் மட்டுமே, சிகிச்சை தருவதல்ல. பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு அவர்களே சோர்ந்துபோவார்கள். மாதம் ஒருமுறை ஓர் ஆலோசகரோடு உட்கார்ந்து அவர்கள் மனம்விட்டுப் பேச வேலை நேரத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

படி 7: உதவிக்கான கதவுகள்

யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது அவர்களுடைய குடியுரிமை நிலையைப் பொறுத்து மாறும். இதைக் கவனிக்காமல் எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுப்பது பரவலான தவறு.

எல்லாருக்கும் பொருந்துவது 1771. 2025 ஜூன் 18ல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் இது, 24 மணி நேரமும் பயிற்சி பெற்றவர்கள் பேசுவார்கள். மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். கடும் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருதுருவக் கோளாறு, ஸ்கிட்சோஃப்ரினியா ஆகியவற்றின் சிகிச்சைக்கு நாட்பட்ட நோய்த் திட்டத்தின்கீழ் மெடிசேவ் எனும் மத்திய சேமநிதி மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம்.

வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவருக்கு மெடிசேவ் கிடையாது. அவருடைய மருத்துவச் செலவுக்கு முதலாளியே பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. ஆனால் அந்தக் கட்டாயக் காப்புறுதி மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் உரியது. வெளிநோயாளியாக மனநல மருத்துவரைப் பார்க்கும் செலவு அதில் அடங்குமா, மனநோய் விலக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் பத்திரத்தைத் திறந்து விலக்குகள் பகுதியை இன்றே படியுங்கள். அடங்காவிட்டால் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். ஹெல்த்சர்வ் அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது, அதன் 24 மணி நேர நெருக்கடி எண் 3129 5000. சம்பளம், முதலாளி பற்றிய பிரச்சினை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692. இந்த இரண்டாவது எண்ணையும் தயங்காமல் ஒட்டுங்கள். உங்களைப் பற்றிப் புகார் சொல்லும் வழியை நீங்களே காட்டும்போது படி 2ல் தந்த உறுதியை ஊழியர் நம்பத் தொடங்குவார்.

ஆலோசனைச் சேவையை வெளியே வாங்குவதானால் ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை: தமிழில் பேசும் ஆலோசகர் உண்மையிலேயே இருக்கிறாரா, எந்த நாட்களில்? முதல் சந்திப்பு எத்தனை நாளில் கிடைக்கும்? ஒருவருக்கு எத்தனை அமர்வு? இரவு 9 மணிக்குப் பிறகு யார் எடுப்பார்கள்? நிறுவனத்துக்கு என்ன அறிக்கை வரும்? கடைசிக் கேள்விக்குச் சரியான விடை, பெயரில்லாத மொத்த எண்ணிக்கை மட்டும் என்பதே. மொழிபெயர்க்கச் சக ஊழியரை ஒருபோதும் உட்காரவைக்காதீர்கள். அன்றிரவே விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

படி 8: எம்சி, விடுப்பு, திரும்பி வருவது

மனநலக் கழகத்தின் எம்சியும் எம்சிதான். ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பு, மருத்துவமனையில் தங்கினால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். என்ன நோய் என்று துருவிக் கேட்காதீர்கள். வேலைக்குத் தேவையானது இரண்டு விவரம்தான்: எப்போது திரும்பலாம், எதைச் செய்யக்கூடாது.

திரும்பி வரும் வாரத்தில்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். முதல் நாளே முழு ஷிஃப்ட், குவிந்து கிடக்கும் வேலை, எல்லார் பார்வையும் தன்மேல். மருத்துவர் ஒப்புக்கொண்டால் 44 மணி நேர வாரத்தை இப்படி ஏற்றலாம்: முதல் வாரம் 22 மணி, இரண்டாவது வாரம் 30, மூன்றாவது 38, நான்காவது வாரம் முழு 44. ஓவர்டைமும் இரவு ஷிஃப்டும் இன்னும் நான்கு வாரத்துக்கு வேண்டாம். முழுச் சம்பளம் கொடுத்தால் நிறுவனத்துக்குக் குறைவது 42 மணி நேரம், ஒரு வாரச் சம்பளத்துக்கும் குறைவு. புதிதாக ஒருவரை எடுத்துப் பழக்குவதற்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், தூக்கக் கலக்கம் போன்றவை அதற்கு முன்பே வரலாம். அதனால் முதல் இரண்டு வாரத்தை வைத்து எடைபோடாதீர்கள். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சற்றுத் தேறியதும் நிறுத்திவிடுவதே மறுபடி விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஃபோர்க்லிஃப்ட், பாரந்தூக்கி, உயர வேலைக்கு மருத்துவரின் எழுத்து ஒப்புதல் வேண்டும்.

சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். “உடம்பு சரியில்லாம இருந்தாரு, இப்ப பரவாயில்ல” என்பதே பலருக்குப் போதும். 1, 7, 14, 28ஆம் நாட்களில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

படி 9: கணக்குப் பாருங்கள்

மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் படி 3ன் தாளை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். முதல் ஆறு மாதத்தில் ஆலோசனைக்குப் போவோர் எண்ணிக்கை கூடும். எம்சியும் கூடலாம். முன்பு மறைத்தவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்றே அதைப் படிக்க வேண்டும். திட்டம் தோற்றுவிட்டது என்று மேலிடத்தில் யாராவது சொல்வார்கள், அதற்கு இப்போதே தயாராக இருங்கள். குறைய வேண்டியவை மெதுவாகக் குறையும்: ஒரே குழுவிலிருந்து விலகுவோர், நூலிழைத் தப்பல்கள், 60 மணியைத் தாண்டும் ஓவர்டைம். யாருமே ஆலோசனைக்குப் போகவில்லை என்றால் படி 2க்குத் திரும்புங்கள், அறிவிப்பை இன்னும் ஒருவரும் நம்பவில்லை.

ஆலோசனை, மருத்துவக் கடிதங்களைப் பணியாளர் கோப்பில் சேர்க்காமல் தனியே பூட்டிவையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும். திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், அவர் வேலை மாறும் நாளில் அதை யாரிடம் கொடுப்பது என்பதையும் எழுதிவையுங்கள்.